ஏரிச் சேற்றுப் பாக்டீரியாவை வைத்து நுண்துகளை நகர்த்துவது, பிரிப்பது எப்படி?

நீந்தும் பாக்டீரியாவை வேலைக்கு வைத்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகலாம், சிறியதையும் பெரியதையும் ஓரளவுக்குப் பிரிக்கவும் செய்யலாம். இதைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும், இது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பெரிய பெரிய கருவிகளை வைத்துச் செய்கிற சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதன் முக்கியமான பகுதியை தருமபுரி ராமாக்காள் ஏரியிலோ கிருஷ்ணகிரி அணையின் நீர்த்தேக்க ஓரத்திலோ ஒரு பாட்டில் சேறு எடுத்து, பள்ளியில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பையும் இரண்டு சட்டக் காந்தங்களையும் வைத்தே பார்த்துவிடலாம். நம் இரண்டு மாவட்டத்திலும் அறிவியல் ஆசிரியர்களும் பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளும் இதைத் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம். பாக்டீரியாவுக்குச் சக்தி இருக்கிறது, திசை இல்லை. ஈ.கோலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2 மைக்ரான் நீளம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நொடிக்கு 20, 30 மைக்ரான் வேகம், அதாவது தன் உடம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தூரத்தை ஒரு நொடியில் கடக்கிறது. உடம்பிலிருந்து நீளும் கசையிழைகளை அடியில் உள்ள மோட்டார் நொடிக்கு நூறு சுற்று அளவில் சுழற்றுகிறது. ஆனால் ஒரு நொடி நேராக ஓடும், அப்புறம் சட்டென்று ஒரு குட்டிக்கரணம், எந்தப் பக்கம் மூஞ்சி திரும்பியதோ அந்தப் பக்கம் மறுபடி ஓட்டம். ஹோவர்ட் பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் 1972-ல் ஒற்றை பாக்டீரியாவைப் பின்தொடரும் மைக்ராஸ்கோப் ஒன்றைக் கட்டி இதை அளந்து காட்டினார்கள். இப்படி ஓடுகிறவை நடுவில் ஒரு துகளைப் போட்டால் அது எல்லாப் பக்கமும் இடிபட்டு, சும்மா தண்ணீரில் ஆடுவதைவிடப் பல மடங்கு அதிகமாக அலையும். வூவும் லிப்சேபரும் 2000-ல் ஒரு சோப்புப் படலத்துக்குள் ஈ.கோலையையும் சில மைக்ரான் பருமனுள்ள உருண்டைகளையும் விட்டுப் பார்த்தது இதைத்தான். துகள் நிறைய அலையும், ஆனால் எங்கேயும் போய்ச் சேராது.

ஆக, நாம் தள்ள வேண்டியதில்லை, திசையை மட்டும் கொடுத்தால் போதும். திசை கொடுக்க நன்றாக வேலை செய்யும் வழிகள் இரண்டு: ஒன்று சுவரின் வடிவம், இன்னொன்று காந்தம்.

சுவர் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா ஒரு சுவரில் முட்டினால் பந்து மாதிரித் திரும்பி வராது, சுவரை ஒட்டியே நீந்திக்கொண்டு போகும். அதனால் புனல் வடிவத்தில் சுவர் கட்டி, குறுகிய வாயில் சில மைக்ரான் இடைவெளி விட்டால், அகன்ற பக்கத்திலிருந்து வருகிறவை சுவரோடு ஒட்டிப் போய் வாய் வழியாக அந்தப் பக்கம் போய்விடும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவை சுவரோடு ஒட்டி வாயைவிட்டு விலகிப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் காலி. பிரின்ஸ்டனில் 2007-ல் இதைச் செய்து காட்டினார்கள். 2010-ல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் தனித்தனியாக, சாய்ந்த பற்கள் உள்ள சக்கரங்களை பாக்டீரியாக் குளத்தில் போட்டுச் சுற்ற வைத்தார்கள். அமெரிக்கச் சக்கரம் 380 மைக்ரான் அகலம், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்று, ஆக்சிஜனை நிறுத்தினால் நின்றுவிடும், திரும்பக் கொடுத்தால் ஓடும். ரோமில் 2013-ல் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் உள்ள நுண்படிகளைக் கட்டி, துகள்கள் சரிவான பக்கம் ஏறி, குறித்த இடத்தில் போய்ச் சேரும்படி செய்தார்கள். செங்குத்தான பக்கம் ஏற முடியாதது, சரிவான பக்கம் எளிதில் ஏறும், அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த மாதிரி இடைவெளிகளை வீட்டில் வெட்ட முடியாது. அதற்கு ஒளி அச்சு முறையில் அச்சு செய்து, சிலிகான் ரப்பர் ஊற்ற வேண்டும். ஆனால் கொள்கையை வகுப்பில் காட்ட ஒரு வழி இருக்கிறது. பல் துலக்கும் பிரஷ்ஷின் தலையை வெட்டி, அதன்மேல் பழைய செல்போனின் வைப்ரேட்டர் மோட்டாரையும் ஒரு பட்டன் செல்லையும் ஒட்டினால் தரையில் தானே ஓடும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற செல்போன் ரிப்பேர் கடைகளில் கேட்டால் கழற்றிப் போட்ட மோட்டார்கள் கிடைக்கும். இப்படிப் பத்துப் பதினைந்து செய்து, அட்டையில் புனல் சுவர் வைத்த பெட்டிக்குள் விட்டுவிட்டுப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பிரஷ்ஷின் மயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது இருந்த இடத்திலேயே சுற்றும்.

சரி, இனி காந்தம். நாம் உண்மையில் செய்யப்போவது இதுதான்.

சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் தம் உடம்புக்குள்ளேயே மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் படிகங்களைச் செய்து வரிசையாகக் கோத்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு படிகமும் ஏறத்தாழ 35 முதல் 120 நானோமீட்டர்வரை. அந்தச் சங்கிலி திசைகாட்டி முள்போல உடம்பைக் காந்தப்புலத்தின் வாக்கில் திருப்பிவிடும், கசையிழை தள்ளும், அந்தக் கோட்டிலேயே பாக்டீரியா ஓடும். இத்தாலியில் பெல்லினி 1963-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் பிளேக்மோர் 1975-ல் மறுபடி கண்டுபிடித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கவனிக்க வேண்டியது, காந்தம் இந்த பாக்டீரியாவை இழுப்பதில்லை, திருப்பி மட்டும் விடுகிறது. செத்துப்போன பாக்டீரியாவும் காந்தத்துக்குத் திரும்பும், ஆனால் நீந்தாது. அதனாலேயே வலுவான காந்தம் தேவையில்லை. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதைப்போலச் சில மடங்கு இருந்தாலே போதும், பள்ளிச் சட்டக் காந்தத்தை நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது தாராளமாகக் கிடைக்கும்.

இங்கே நம் ஊருக்கு என்று ஒரு விசேஷம் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வடக்கு நோக்கியே நீந்தும், தென் அரைக்கோளத்தில் தெற்கு. காரணம், காந்தப்புலம் ஜெர்மனி மாதிரி இடங்களில் 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது, அங்கே வடக்கே போவது என்றாலே சேற்றுக்குள் கீழே இறங்குவது, அதாவது ஆக்சிஜன் குறைவான, இவற்றுக்குப் பிடித்த இடத்துக்குப் போவது. ஆனால் புலம் சாய்வே இல்லாமல் படுக்கையாக இருக்கும் புவிகாந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்குப் பக்கத்தில் போகிறது, 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதை நம்பித்தான். அதனால் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக, சில டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. நடுக்கோட்டுக்கு அருகே பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில் பார்த்தபோது வடக்குக்காரர்களும் தெற்குக்காரர்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள். அதனால் வெளிநாட்டுக் குறிப்புகளில் 'காந்தத்தின் தென்முனைப் பக்கம் மட்டும் பாருங்கள்' என்று எழுதியிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சேற்றில் எப்போதும் இரண்டு பக்கமும் பாருங்கள்.

சேறு எடுப்பது

அசையாத தண்ணீர், மெத்தென்ற வண்டல், கொஞ்சம் மக்கிய இலை தழை, இதுதான் நமக்கு வேண்டிய இடம். ஏரியில் மதகோரம், கோடி போகும் இடத்துக்குத் தள்ளி ஒதுங்கிய ஓரம், கோரை முளைத்த கரை எல்லாம் நல்லது. ஒகேனக்கல் மாதிரிப் பாறைமேல் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓடும் இடத்தில் தேடிப் பயனில்லை, அங்கே வண்டல் படியவே படியாது. கிரானைட் பாலிஷ் கழிவுநீர் கலக்கும் ஓடை, சாக்கடை சேரும் குட்டை இரண்டையும் விட்டுவிடுங்கள். மழை பெய்து ஏரி நிறைந்து, கலங்கல் அடங்கிய பிறகு போவது நல்லது, சித்திரை வைகாசியில் பல ஏரிகள் வெடித்துக் கிடக்கும். பிள்ளைகள் தனியாகப் போகக் கூடாது. ஏரிச் சேறு பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். கரையில் நின்றபடியே, கம்பில் கட்டிய டப்பாவால் வாருங்கள்.

மேலாக உள்ள சில சென்டிமீட்டர் சேறு போதும், ஆழத்தில் தோண்ட வேண்டாம். அகலவாய் கண்ணாடி பாட்டிலில், ஊறுகாய் பாட்டில் கழுவியது சரியாக இருக்கும், மூன்றில் ஒரு பங்கு சேறு, மீதி அதே ஏரித் தண்ணீர். மூடியை இறுக்காமல் வையுங்கள், வாயு சேரும். வெயில் படாத இடத்தில், ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிடுங்கள். சில நாளில் தண்ணீர் தெளியும். இரண்டு மூன்று வாரம் போனால் பல பாட்டில்களில் காந்த பாக்டீரியா கூடும், ஒரு பாட்டிலில் ஒன்றுமே இல்லை என்றால் இன்னொரு இடத்துச் சேற்றைப் பாருங்கள். அதனால் முதலிலேயே வேறு வேறு இடத்தில் எடுத்து, பாட்டில்மேல் இடமும் தேதியும் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். சர்க்கரை, கஞ்சி என்று எதையும் ஊட்டமாகப் போடாதீர்கள். போட்டால் நமக்குத் தெரியாத வேறு எதுவோ பெருகும். நாம் எதையும் வளர்க்கப் போவதில்லை, இருப்பதைக் கூப்பிட்டு வேலை வாங்கப் போகிறோம்.

கூப்பிடுவது

பாட்டிலின் வெளியே, சேற்று மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, எதிரெதிராக இரண்டு சட்டக் காந்தங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றின் தென்முனையும் மற்றதன் வடமுனையும் பாட்டிலைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். அப்புறம் டிராப்பரின் ரப்பரை வெளியிலேயே அமுக்கிக்கொண்டு, மெதுவாக உள்ளே இறக்கி, காந்தம் இருக்கிற கண்ணாடிச் சுவரை ஒட்டி விட்டு உறிஞ்சுங்கள். உள்ளே போய் ரப்பரை அமுக்கினால் குமிழி வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் தனித்தனியாக வையுங்கள்.

ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, கவர்ஸ்லிப் போடாமல், 10 லென்ஸில் சொட்டின் ஓரத்தைப் பாருங்கள். காந்தத்தை ஸ்லைடுக்கு நான்கைந்து சென்டிமீட்டர் பக்கத்தில், மேடை மட்டத்திலேயே படுக்க வையுங்கள். டயாஃப்ரத்தை நன்றாக மூடுங்கள், வெளிச்சம் அதிகமானால் பாக்டீரியா கண்ணாடி மாதிரி மறைந்துவிடும். இன்னும் நல்லது, கண்டென்சருக்கு அடியில் நடுவே வட்டமான கறுப்புத் தாள் வைத்து நேர் வெளிச்சத்தை மறைப்பது. கறுப்புப் பின்னணியில் பாக்டீரியாக்கள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். தாள் வட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், 10 லென்ஸுக்குச் சரியான அளவு 40 லென்ஸுக்குச் சரியாக வராது. மேடையில் ஸ்லைடைப் பிடிக்கும் கிளிப்புகள் இரும்பாக இருந்தால் கழற்றிவிடுங்கள், அவையும் காந்தமாகி வழியைக் கெடுக்கும்.

இப்போது கவனியுங்கள். சொட்டின் ஓரத்தில் ஒரு வரிசை சேரும். காந்தத்தைச் சட்டென்று தலைகீழாகத் திருப்புங்கள், வடமுனை இருந்த இடத்தில் தென்முனை. காந்த பாக்டீரியா என்றால் அத்தனையும் ஒரு சின்ன வளைவு அடித்து, கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்புகிற மாதிரித் திரும்பி, வந்த வழியே போகும். அந்தக் காட்சியைப் பார்க்கும் பிள்ளை ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் மறுபடி திருப்பச் சொல்லும். திருப்பத் திருப்ப அவை திரும்பும்.

ஆனால் இதில் ஏமாறவும் இடம் இருக்கிறது. நம் பக்கத்து மண்ணில் இரும்புக் கருமணல் உண்டு, அரூர் பக்கம் தீர்த்தமலையில் மேக்னடைட் பாறையே இருக்கிறது. மழையில் அரித்து வரும் கறுப்புத் துகள் சேற்றில் கலந்திருக்கும், அதுவும் காந்தத்தைப் பார்த்து நகரும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். மணல்துகள் காந்தம் எந்த முனையைக் காட்டினாலும் காந்தத்தை நோக்கியே வரும், காந்தம் கிட்டே வரவர வேகம் கூடும். பாக்டீரியா முனை மாறினால் திசை மாறும், காந்தம் கிட்டே இருந்தாலும் எட்ட இருந்தாலும் தன் வேகத்திலேயே போகும். இதனால்தான் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய பெரிய காந்தம், நியோடிமியம் காந்தம் எதையும் ஸ்லைடுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம் என்கிறேன். வலு கூடினால் மணல் ஓடிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

சுத்தம் செய்வது

ஓரத்தில் சேர்ந்ததை அப்படியே வைத்துத் துகள் தள்ளச் சொன்னால், கூடவே சேற்றுத் தூசி, வேறு பாக்டீரியா, சின்னப் புழு எல்லாம் வந்து குழப்பும். இவற்றிலிருந்து நம் ஆட்களை மட்டும் பிரித்தெடுக்க, அவற்றின் நீச்சலையே பயன்படுத்துங்கள். பாட்டிலின் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, காப்பி ஃபில்டர் தாளில் வடிகட்டி, கொதிக்கவைத்து, மூடியபடி ஆறவிடுங்கள். கொதித்தால் உள்ளே இருப்பது சாகும், கரைந்த ஆக்சிஜனும் பெருமளவு வெளியேறும், அது இவற்றுக்கு இதம். இப்போது ஸ்லைடில் ஒரு பக்கம் சேற்றுத் தண்ணீர்ச் சொட்டு, அரை சென்டிமீட்டர் தள்ளி ஆறிய தண்ணீர்ச் சொட்டு. பல்குச்சியால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் பாலம் ஒன்றை இழுத்துவிடுங்கள். காந்தத்தைச் சுத்தமான சொட்டின் பக்கம் வையுங்கள், அந்தத் தண்ணீரை பாட்டிலில் எந்த முனைப் பக்கம் உறிஞ்சினீர்களோ அதே முனை சொட்டைப் பார்க்கட்டும். சேற்றுச் சொட்டில் இருக்கும் காந்த பாக்டீரியா பாலத்தைக் கடந்து சுத்தச் சொட்டுக்கு வந்துவிடும், தூசி அங்கேயே நிற்கும். சொட்டு உலராமல் இருக்க, ஈரத் துணி விரித்த டிபன் பாக்ஸுக்குள் ஸ்லைடை வைத்து மூடுங்கள், எவர்சில்வர் வேண்டாம், பிளாஸ்டிக் நல்லது. கால் மணி, இருபது நிமிடம் போதும்.

கல்லூரி ஆய்வகம் கிடைத்தால் இதைவிட நல்ல முறை உண்டு. முனையை நெருப்பில் உருக்கி அடைத்த மெல்லிய கண்ணாடிப் பிப்பெட்டில் சுத்தமான தண்ணீரை நிரப்பி, கழுத்தில் பஞ்சு வைத்து, பஞ்சுக்கு மேலே சேற்றுத் தண்ணீர் ஊற்றி, அடைத்த முனைப் பக்கம் காந்தம் வைப்பார்கள். பஞ்சைக் கடந்து நீந்தி வருகிறவை மட்டும் முனையில் சேரும், முனையை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். ஆக்சிஜன் மாற்றத்தால் அவை சோர்ந்துபோகும், அதனால் எடுத்தவற்றை உடனே பயன்படுத்துங்கள்.

துகள்களைத் தள்ளுவது

ஆய்வகத்தில் பிளாஸ்டிக் உருண்டைகளை வாங்குவார்கள், விலை அதிகம். நமக்கு வீட்டுச் சமையலறையிலேயே நல்ல துகள்கள் இருக்கின்றன. கறந்த பசும்பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் பெரும்பாலும் சில மைக்ரான் பருமன், உருண்டை, மைக்ராஸ்கோப்பில் ஓரம் பளிச்சென்று தெரியும். பாக்கெட் பாலில் பல நேரம் கொழுப்பை உடைத்துச் சிறியதாக்கிவிடுகிறார்கள், அதனால் கறந்த பால்தான் வேண்டும், ஒரு சொட்டுப் பாலை நிறையத் தண்ணீரில் கலந்து வெள்ளை தெரியாத அளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள். அடுத்தது பேக்கரி ஈஸ்ட், சுமார் 5 மைக்ரான், கொதிக்கவைத்துக் கொன்றுவிட்டுப் பயன்படுத்துங்கள். பெரிய துகளுக்கு நம் ராகி. ராகி மாவைத் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, தெளியவிட்டால் அடியில் வெள்ளையாகப் படிவது மாவுச்சத்து. அந்த மணிகள் பெரும்பாலும் பாலின் துளிகளைவிடப் பெரியவை, கோணல்மாணலாக இருக்கும், தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம், சீக்கிரம் அடியில் உட்கார்ந்துவிடும்.

பாதை அமைக்க, ஸ்லைடின் மீது டபுள் சைடு டேப்பை இரண்டு கீற்றாக, நடுவே மூன்று மில்லிமீட்டர் விட்டு ஒட்டி, மேலே கவர்ஸ்லிப் பதித்து அமுக்குங்கள். ஒரு முனையில் சொட்டு வைத்தால் தானே உள்ளே ஏறிக்கொள்ளும். முதலில் துகள் கலந்த தண்ணீர் பாதை முழுக்க ஏறட்டும், அப்புறம் ஒரு முனையில் பாக்டீரியாச் சொட்டு, இரண்டு முனையையும் வாசலினால் அடையுங்கள். காற்றுக்குமிழி இருந்தால் அந்த ஸ்லைடை விட்டுவிட்டு வேறு செய்யுங்கள், குமிழியைச் சுற்றி எல்லாம் தாறுமாறாகப் போகும். காந்தத்தைப் பாதையின் நீளவாக்கில், ஒரு முனைக்கு நேராக வையுங்கள்.

40 லென்ஸில் பார்த்தால், கண்ணில் தெரியும் வட்டம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காந்த பாக்டீரியாக்களில் சில வகைகள் நொடிக்கு நூறு மைக்ரானும் அதற்கு மேலும் ஓடும், அந்த வேகத்தில் நான்கைந்து நொடியில் வட்டத்தைக் கடந்துவிடும். அவை போகும் வழியில் துளி ஒன்று இருந்தால் முட்டும், தள்ளும், சில நேரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், சில நேரம் ஒட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டே போகும். கனடாவின் மான்ட்ரியலில் சில்வைன் மார்ட்டெலின் குழு 2006-ல், 3 மைக்ரான் உருண்டை ஒன்றை ஒற்றை பாக்டீரியா தள்ளிச் செல்வதைக் காந்தத்தால் ஓட்டிக் காட்டியது. அவர்களே 2016-ல் இதே இன பாக்டீரியாக்கள்மேல் மருந்துப் பைகளை ஏற்றி எலிகளின் புற்றுக்கட்டிக்குள் அனுப்பினார்கள், ஆக்சிஜன் குறைந்த இடத்தைத் தேடிப் போகும் அவற்றின் பழக்கம் அங்கே உதவியது. நம் ஸ்லைடில் நடப்பது அதன் ஆரம்பப் பாடம்.

துகள் நகர்ந்தால் உடனே பாக்டீரியாதான் தள்ளியது என்று எழுதிவிடாதீர்கள், இதுதான் இந்த வேலையிலேயே ரொம்பக் கவனம் தேவைப்படும் இடம். மூன்று விதமான அசைவு இருக்கிறது. எல்லாத் துகள்களும் ஒரே பக்கம், ஒரே வேகத்தில் போனால் அது தண்ணீர் ஓட்டம், எங்கோ அடைப்பு கசிகிறது அல்லது ஸ்லைடு சாய்ந்திருக்கிறது. துகள் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டே இருந்தால் அது தண்ணீர் மூலக்கூறுகளின் இடி, எப்போதும் இருப்பது. ஒரு துகள் மட்டும் திடுக்கென்று தாவி, பக்கத்தில் இருப்பது சும்மா நின்றால், அதுதான் பாக்டீரியா. அந்தத் தாவலைப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள்: பாக்டீரியா விட்டவுடன் துகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும், கொஞ்சம்கூடச் சறுக்காது. இந்தச் சிறிய அளவில் தண்ணீரின் பிசுபிசுப்புதான் எல்லாம், வேகம் என்று எதையும் சேமித்து வைக்க முடியாது. அதனால் ஒரே ஒரு பலமான தள்ளு எதற்கும் ஆகாது, ஒன்றன்பின் ஒன்றாக நிறையப் பேர் ஒரே பக்கம் தள்ள வேண்டும். பாக்டீரியா நிறைய இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதற்கு இதுதான் காரணம்.

சந்தேகம் வந்தால் காந்தத்தைத் திருப்புங்கள். துகள்கள் நகரும் திசையும் மாறினால் பாக்டீரியா வேலை. மாறாவிட்டால் ஓட்டம். அதோடு பாக்டீரியா இல்லாமல், காந்தம் மட்டும் வைத்த ஒரு ஸ்லைடும் பக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும். சேற்றில் வடக்குக்காரர்களும் தெற்குக்காரர்களும் கலந்திருந்தால் இரண்டு பக்கமும் தள்ளு விழுந்து ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், துகள் எங்கேயும் போகாது, ஆகவே பாலம் முறையில் ஒரு பக்கத்தவரை மட்டும் பிரித்து எடுத்த சொட்டைத்தான் இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

பிரிப்பது

இப்போது பாலின் துளி, ஈஸ்ட், ராகி மணி மூன்றையும் ஒரே பாதையில் கலந்து விடுங்கள். ஒரே தள்ளுக்குச் சின்னத் துளி அதிகம் நகரும், ராகி மணி கனமாக அடியில் உட்கார்ந்து கண்ணாடியோடு உரசிக்கொண்டிருக்கும், நகர்ந்தாலும் கொஞ்சம்தான். அரை மணி நேரம் காந்தத்தை ஒரே பக்கம் வைத்துவிட்டு, பாதையின் இரண்டு முனையிலும் நடுவிலும் வட்டத்துக்குள் தெரிகிற ஒவ்வொரு வகையையும் எண்ணுங்கள். ஆரம்பத்தில் எண்ணியதோடு ஒப்பிட்டால் விகிதம் மாறியிருக்கிறதா என்று தெரியும். பாலின் துளி மேலே மிதந்து கவர்ஸ்லிப்பை ஒட்டி நிற்கும், ஈஸ்டும் ராகியும் அடியில், அதனால் ஃபோகஸை மேலும் கீழும் மாற்றி எண்ண வேண்டும், ஒரே ஃபோகஸில் எண்ணினால் பாதியைத் தவறவிடுவீர்கள். செல்போன் கேமராவை ஐபீஸில் வைத்து வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்தி எண்ணுவது இன்னும் வசதி.

முழுசாகப் பிரிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்ற அளவில்தான் வரும். இன்னொன்று, சிறியது எப்போதும் பெரியதைவிட வேகமாக அலையும் என்று பாடத்தில் படித்திருப்போம், பாக்டீரியா இல்லாத தண்ணீரில் அது சரி. பென்சில்வேனியாவில் 2016-ல் 0.6 முதல் 39 மைக்ரான்வரை உள்ள உருண்டைகளை ஈ.கோலைக் குளத்தில் போட்டுப் பார்த்தபோது, நடுத்தர அளவுள்ளவை சிறியவற்றைவிட அதிகமாக அலைந்தன. ரொம்பச் சிறியதாக இருந்தால் பாக்டீரியாவின் தள்ளு அதன்மேல் சரியாக விழுவதில்லை. ஆகவே ஈஸ்ட் உங்கள் கணக்கில் எதிர்பாராத இடத்தில் வந்து நின்றால் தப்பாக எண்ணிவிட்டோம் என்று அழித்துவிடாதீர்கள். எழுதி வையுங்கள், மறுபடி செய்து பாருங்கள், மறுபடியும் அப்படியே வந்தால் அதுதான் உங்கள் முடிவு.

ஒரு பாதையில் வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காது. அடைத்த ஸ்லைடில் ஆக்சிஜன் தீரும், பால் கெடும், நீச்சல் மந்தமாகும். புது ஸ்லைடு போடுங்கள். முடிந்ததும் ஸ்லைடு, டிராப்பர், பல்குச்சி எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் அரை மணி ஊறவைத்து, பிறகு கழுவுங்கள். இதைப் பெரியவர் ஒருவர் கையுறை போட்டு, ஜன்னல் திறந்த இடத்தில் செய்யட்டும், பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் எதையும் கலக்கக் கூடாது. எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், செய்யும்போது எதுவும் சாப்பிடக் கூடாது, கையில் காயம் இருந்தால் சேற்றைத் தொடாதீர்கள். சேற்று பாட்டிலை மட்டும் கொட்டிவிடாதீர்கள். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை அவ்வப்போது ஊற்றி, அதே நிழலில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆகும்.